பியானோ மென்பொருள்: விரலைக் கேட்டு வாங்குங்கள்

புனேயின் மேற்கே ஹிஞ்ஜவடி கணினிப் பூங்கா வளர வளர, அதைச் சுற்றி வாகட், பாணேர், பிம்ப்ளே சௌதாகர் என்று நிலமெல்லாம் அடுக்குமாடியானது. அந்த மாடிகளில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அந்த ஊரில் வாழ்ந்த காலத்தில், இசைப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பதைக் கவனித்திருக்கிறேன். வீட்டில் டிஜிட்டல் பியானோ இருக்கிறது. யமஹாவோ கேசியோவோ ரோலண்டோ, தொடக்கநிலைக் கருவி ஒன்று. அதை லேப்டாப்போடு இணைத்து, பியானோ ஓசை தரும் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால் பயன் உண்டா? உண்டென்றால், விலை குறைந்த தொடக்கப் பதிப்பு போதுமா, அல்லது காசைச் சேர்த்து வைத்துப் பெரிய பதிப்பையே வாங்கிவிடலாமா? விற்கிறவர் ஒரு பதில் சொல்வார், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர் இன்னொன்று சொல்வார், பியானோ ஆசிரியர் இரண்டையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இந்த மாதிரிக் கேள்விக்குப் புனே நூறாண்டுக்கு முன்பே பதில் சொல்லிப் பழகிய ஊர் என்பது என் எண்ணம். அந்தப் பதிலை இன்றைய மென்பொருளுக்குப் பொருத்திப் பார்த்தால், தொடக்கப் பதிப்பை வாங்குவதே சரி, ஆனால் அதைக் கடைசியாக வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு வரலாம். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உண்மையான பியானோவையே வாங்கிவிட்டால் இந்தக் கேள்வி எழாது என்பது சரிதான். ஆனால் 88 கட்டைகளுக்கும் சேர்த்துச் சுமார் 230 கம்பிகள், அவை மொத்தமாக இழுக்கும் இழுவிசை ஏறக்குறைய 20 டன், அதைத் தாங்க ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். நிமிர்ந்து நிற்கும் சாதாரணப் பியானோவே 200 கிலோவைத் தாண்டும். அதை எட்டாவது மாடிக்கு ஏற்றியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். புனேயின் தட்பவெப்பம் அதைச் சும்மா விடாது. ஏப்ரல் பிற்பகல்களில் காற்று எலும்பாய் வறண்டு கிடக்கும். ஜூலையில் மழை பிடித்தால் துவைத்த துணி காயாது. ஒலிப்பலகை மரம் ஈரத்தில் உப்பிச் சுருதியை ஏற்றும், வறட்சியில் சுருங்கி இறக்கும். ஆண்டுக்கு இருமுறையாவது சுருதி கூட்டும் ஆள் வர வேண்டும். இதையெல்லாம் விட முக்கியமானது அண்டை வீடு. இரவு பத்து மணிக்கு மேல் ஓசை கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதிகளுக்கு, இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ இசைவிழாவே பணிந்து போனது. விடிய விடிய நடந்து, அதிகாலை ராகங்களை அதிகாலையிலேயே கேட்கவைத்த விழா, பெரும்பாலான நாட்களில் இரவு பத்துக்குள் சுருண்டுகொண்டது. பீம்சேனுக்கே கிடைக்காத சலுகை வாகட் மாடிவீட்டில் பியானோ பழகுகிறவருக்குக் கிடைக்கப் போவதில்லை. வேலை முடிந்து, ஹிஞ்ஜவடிச் சாலை நெரிசலைக் கடந்து வீடு சேர்ந்து, சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரந்தான் இவர்களுடைய சாதகப் பொழுது. ஹெட்போன் இல்லாமல் அது நடக்காது. ஆகவே ஒப்பீடு உண்மைப் பியானோவுக்கும் மென்பொருளுக்கும் இடையே அல்ல. டிஜிட்டல் பியானோவுக்குள்ளேயே இருக்கும் ஓசைக்கும், வெளியிலிருந்து வாங்கும் ஓசைக்கும் இடையேதான்.

இங்கே புனேயின் பழைய அனுபவத்துக்கு வருகிறேன். அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் ‘சங்கீத் சாகுந்தல்’ 1880இல் இந்த ஊரில்தான் மேடையேறியது. அதைத் தொடர்ந்து பெருகிய மராத்தி இசை நாடகங்களில், சாரங்கி இருந்த இடத்துக்குக் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனும், கையால் துருத்தி இழுக்கும் ஆர்மோனியமும் வந்து சேர்ந்தன. இரண்டுமே ஐரோப்பியக் கருவிகளின் வழி வந்தவை. 1913இல் பாடகரும் நடிகருமான பாலகந்தர்வரோடு சேர்ந்து கந்தர்வ நாடக மண்டலியைத் தொடங்கிய கோவிந்தராவ் டேம்பே ஆர்மோனிய வித்தகர். ஆர்மோனியத்தின் மேல் அறிஞர்கள் சொன்ன குற்றங்கள் எல்லாம் நியாயமானவை: கமகம் வராது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியாது, பன்னிரண்டு இடங்களில் சுருதி அறைந்து வைக்கப்பட்டிருக்கிறது. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடையே போட்டது. தடை தளர 1971 வரை ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும், புனேயில் வாழ்ந்து 2009இல் மறைந்த அப்பா ஜல்காவ்கர் போன்றவர்கள் பெரும் பாடகர்களுக்கு ஆர்மோனியத்தில் பக்கம் வாசித்தார்கள். இன்று சவாய் கந்தர்வ மேடையில் ஆர்மோனியம் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாரங்கிக்கு நிகரானது என்று யாரும் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. நாடகக் கொட்டகைக்குக் கேட்கும் ஓசை, ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் வசதி, ஒவ்வொரு நாளும் சுருதி கூட்டத் தேவையின்மை என்று வேலைக்கு வேண்டியவை அதில் இருந்தன. குற்றப்பட்டியல் முழுவதும் உண்மையாக இருந்தும், அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுக்காக அதை வைத்துக்கொண்டார்கள்.

மின்னணுத் தம்புராவின் கதையும் இதுதான். பெங்களூரில் ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் 1979இல் அதைச் செய்தபோது, மிரஜ் ஊர்க் கைவினைஞர்கள் சுரைக்காய்க் குடத்தில் செய்யும் தம்புராவோடு அதை ஒப்பிட்டுச் சிரித்திருக்கலாம். மிரஜ் புனேக்கு அவ்வளவு தூரமும் இல்லை. இருந்தும் புனேயின் இசைப் பள்ளிகளில் சாதகம் செய்யும் பிள்ளைகளுக்குப் பெட்டித் தம்புராதான் துணையாயிற்று. இப்போது அதுவும் போய்க் கைப்பேசிச் செயலி வந்துவிட்டது. கச்சேரி என்றால் மட்டும் மிரஜ் தம்புரா மேடைக்கு வரும். எந்த வேலைக்கு எது என்பதில் இவர்களுக்குக் குழப்பமே இல்லை. பியானோ மென்பொருளை வாங்க நிற்பவர்களிடம் நான் கண்ட குறை இந்தத் தெளிவு இல்லாததுதான். தினசரிச் சாதகத்துக்கு ஒரு கருவி வேண்டுமென்று கிளம்பி, ஒலித்தட்டு வெளியிடப் போகிறவரின் கேள்விகளைக் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விகள் எல்லாம் காதைச் சார்ந்தவை. எது அதிக இனிமை, எது லண்டன் கூடத்தில் பதிவானது, எதில் எத்தனை மைக். விளம்பரக் காணொளியும் காதுக்குத்தான் விருந்து வைக்கிறது: தேர்ந்த கலைஞர் ஒருவர் ஏற்கெனவே வாசித்துத் திருத்திய பதிவை நல்ல ஸ்பீக்கரில் கேட்கிறோம். கேட்பவருக்கு ஓசை மட்டுமே போதும். வாசிப்பவருக்கோ, விரல் கொடுத்ததற்கும் காதுக்கு வந்ததற்கும் உள்ள உறவுதான் எல்லாம். மெல்ல அழுத்தினால் எவ்வளவு மெல்ல வருகிறது, அதைவிட ஒரு நூல் கூட்டினால் அந்த நூலளவு தெரிகிறதா, கட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓசை எப்படி அடங்குகிறது, பெடலைப் பாதி தூக்கினால் பாதி அடங்குகிறதா. வாங்குகிறவர் வாசிக்கப் போகிறவர் என்றால் தீர்ப்பு விரலிடம் இருக்க வேண்டும். இது ரசனைப் பேச்சாகத் தோன்றலாம். உள்ளே நடப்பதைப் பார்த்தால் வெறும் கணக்குதான்.

டிஜிட்டல் பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு மூன்று தொடுமுனைகள் இருக்கின்றன. விரல் அழுத்தும்போது முதல் முனை தொட்டதற்கும் அடுத்தது தொட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கருவி அளக்கிறது. வேகமாக அழுத்தினால் நேரம் குறைவு, ஓசை பலம். அந்த அளவை ஓர் எண்ணாக்கி லேப்டாப்புக்கு அனுப்புகிறது. 1983இல் வந்த மிடி முறைப்படி அந்த எண் 1 முதல் 127 வரை. மென்பொருளுக்குத் தெரிவது இவ்வளவுதான்: எந்தக் கட்டை, என்ன எண், எப்போது விட்டீர்கள், பெடல் எங்கே இருக்கிறது. இத்தனை சின்னத் தகவலிலிருந்து ஒரு பியானோவை எழுப்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உண்மைப் பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் பல பலங்களில் அடித்துப் பதிவு செய்து வைத்து, எண்ணுக்கேற்ற பதிவை எடுத்து ஒலிப்பது. சாம்பிள் முறை என்பது இது. மற்றொன்று, சுத்தியலின் கம்பளி கம்பியில் மோதுவதையும் கம்பி அதிர்வதையும் ஒலிப்பலகை அதை ஏற்பதையும் சமன்பாடுகளாக எழுதி, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அங்கேயே கணக்குப் போட்டு ஓசையை உண்டாக்குவது. பிரான்சின் துலூஸ் நகரில் மோடார்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பியானோடெக் இரண்டாம் வகை. அதைத் தொடங்கிய ஃபிலிப் கியோம் கணிதப் பேராசிரியர். அதற்கு முன் பியானோவுக்குச் சுருதி கூட்டிப் பிழைத்தவர். இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சாதகம் அமையாது.

இரண்டு வழிகளும் விரலுக்கு எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சலமாண்டர் என்ற சாம்பிள் பியானோ இலவசமாகக் கிடைக்கிறது. அலெக்சாண்டர் ஹோல்ம் என்பவர் ஒரு யமஹா சி5 கிராண்டைப் பதிவு செய்து, யாரும் பயன்படுத்தலாம் என்று விட்ட தொகுப்பு. இலவசங்களில் மிக நல்லது என்று தயங்காமல் சொல்வேன். அதில் ஒவ்வொரு பதிவுச் சுரத்துக்கும் பலத்துக்கேற்ற 16 அடுக்குகள். 127 எண்களை 16ஆல் வகுத்தால், ஏறக்குறைய எட்டு எண்களுக்கு ஒரே பதிவு. அந்த எட்டுக்குள் ஓசையின் அளவு கூடிக் குறையலாம், நிறம் மாறாது. எட்டைத் தாண்டி அடுத்த அடுக்கில் கால் வைத்ததும் நிறம் சட்டென்று மாறும். பலமாக, வேகமாக வாசிக்கும்போது இது யாருக்கும் தெரியாது. ஒரு தாலாட்டின் இடக்கைத் துணையை, ஒரே சுரத்தை ஏழெட்டு முறை மெல்லத் தொட்டுக்கொண்டே போகும் இடத்தை வாசித்தால், நடுவே ஒரு சுரம் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். விரல் தப்பு செய்ததாக மாணவர் நினைத்துக்கொள்வார். சமன்பாட்டு வழியில் 127க்கும் 127 நிறம், அடுக்கே கிடையாது. இன்னொரு சோதனை, கீழ்ஸ்தாயிச் சுரம் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது. உண்மைப் பியானோவில் அந்த ஓசை அரை நிமிடம் வரைகூட உயிரோடு இருக்கும். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்து, நடுவே அலையலையாக நிறம் மாறும். மலிவான டிஜிட்டல் பியானோ பலவற்றின் உள்ளோசை சில நொடிகளுக்குப் பிறகு ஒரு சின்னத் துண்டையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. ஹெட்போனில் உற்றுக் கேட்டால் அந்தச் சுழற்சி பிடிபடும். பிடிபட்டபின் மறக்க முடியாது. நீண்ட சுரத்துக்குக் காத்திருக்கப் பழகுவது பியானோப் பயிற்சியின் பாதி. காத்திருந்தால் ஒன்றும் நடக்காத கருவியில் அந்தப் பழக்கம் வராது. மென்பொருள் வாங்கத் தக்கது என்பதற்கு என் முதன்மைச் சான்று இந்த இரண்டுமே.

வாங்கத் தக்கது என்றால் எந்தப் பதிப்பு? பியானோடெக்கின் தொடக்கப் பதிப்புக்கு ஸ்டேஜ் என்று பெயர். மேலே ஸ்டாண்டர்ட், அதற்கும் மேலே ப்ரோ. ஸ்டேஜில் என்னவெல்லாம் கிடையாது என்று பார்ப்பதுதான் சரியான வழி. மைக்கை நகர்த்த முடியாது. சுத்தியலின் கடினத்தைக் கூட்டிக் குறைத்துப் பியானோவின் குரலை மாற்ற முடியாது. ஒவ்வொரு சுரத்தையும் தனியே செதுக்கும் வசதி ப்ரோவுக்கு மட்டும். ஒலிப்பதிவின் நுணுக்க அளவு ஸ்டேஜில் 48 கிலோஹெர்ட்ஸோடு நிற்கும். ப்ரோவில் 192 வரை போகலாம். 48 என்பது மனிதக் காது எட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாராளமாக மூடிவிடும் என்பதால் அந்தக் குறை குறையே இல்லை. கருவித் தொகுப்புகளும் ஸ்டேஜில் குறைவு. வேண்டுமென்றால் பிறகு தனியாக வாங்கலாம். இப்போது உள்ளே இருப்பதைப் பாருங்கள்: ஓசையை உண்டாக்கும் கணக்கு மூன்று பதிப்புக்கும் ஒன்றே. பெடலின் பாதிநிலை, ஒரு கம்பியின் அதிர்வுக்கு மற்றக் கம்பிகள் ஒத்து அதிர்வது, மெல்லிய தொடுகையின் 127 படிகள் எல்லாம் தொடக்கப் பதிப்பிலேயே இருக்கின்றன. வெட்டப்பட்டவை எல்லாம் ஒலிப்பதிவாளரின் கருவிகள். விட்டுவைக்கப்பட்டவை எல்லாம் வாசிப்பவரின் தேவைகள். வியாபாரிகள் வேண்டுமென்றே இப்படிப் பிரித்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, விரலின் கணக்குக்கு இது சாதகம். மைக்கை நகர்த்தும் வசதி இல்லாதது மாணவருக்கு நல்லது என்றுகூடச் சொல்வேன். அந்த வசதி இருந்தால் முக்கால் மணி நேரச் சாதகத்தில் அரைமணி மைக் நகர்த்துவதிலேயே போய்விடும். கணினிக்காரர்கள் நிறைந்த ஊரில் அந்த நோய்க்கு மருந்து கிடையாது.

இலவசமாக இத்தனை இருக்கையில் காசு எதற்கு என்பது முதல் மறுப்பு. சலமாண்டர் இருக்கிறது, ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் லேப்ஸ் வரிசையில் மென்மையான பியானோ ஒன்று இலவசம். இந்த மறுப்பை முக்கால்வாசி ஏற்கிறேன். முதல் ஆண்டில் எவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சுரக்குறிப்பைப் படிக்கவும், இரு கையையும் சேர்த்து வாசிக்கவும் பழகும் வரை, மெல்லிய தொடுகையின் நிறங்கள் கைக்கு வராது. வராத ஒன்றுக்குக் காசு கொடுப்பது வீண். இலவசத்தில் ஒரு குறை விரலுக்கு உறுத்தத் தொடங்கும் நாள் ஒன்று வரும். அந்தக் குறை இன்னதென்று சொல்லத் தெரிந்தால் வாங்கும் நேரம் வந்துவிட்டது. சொல்லத் தெரியாமல், இன்னும் நன்றாக இருக்குமே என்று மட்டும் தோன்றினால், அது ஆசை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: சமன்பாட்டுப் பியானோவின் ஓசை கண்ணாடி போலிருக்கிறது, மரத்தின் வாசம் இல்லை, காசு கொடுப்பதானால் பெரிய சாம்பிள் தொகுப்பை வாங்கு. இதில் உண்மை இருக்கிறது. லண்டன் ஏபி ரோட் கூடத்தில் யமஹா சிஎஃப்எக்ஸ் கிராண்டைப் பதிவு செய்த காரிட்டன் தொகுப்பைக் கேட்டுவிட்டுப் பியானோடெக்கைக் கேட்டால், நடுஸ்தாயியில் முன்னதன் செழுமை பின்னதில் இல்லை என்பதைக் காது உடனே சொல்லும். மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தொகுப்பின் முழுவடிவம் 100 ஜிபிக்கு மேல். வீட்டு லேப்டாப்பில் அலுவலகக் கோப்பும் கல்யாணப் படங்களும் போக மிஞ்சிய இடத்தில் அது அடங்காது. அடங்கினாலும் பழைய சுழலும் வட்டிலிருந்து எடுத்து ஒலிக்கத் திணறும். பியானோடெக் சில பத்து எம்பிதான். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி அட்டையிலும் ஓடும். தவிரவும், ஏபி ரோட் பதிவின் செழுமையில் பாதி அந்தக் கூடத்தின் காற்று. விரல் எதைச் செய்தாலும் அந்தக் காற்று அழகாக்கிவிடும். தன் தொடுகையின் கோணலைத் தானே கேட்டுத் திருத்த வேண்டியவருக்கு அத்தனை ஒப்பனை உதவாது. பதிவு செய்து நாலு பேருக்கு அனுப்புவதுதான் நோக்கம் என்றால் தாராளமாகப் பெரிய சாம்பிளுக்கே போகலாம். அவர் காதுக்காக வாங்குகிறார், என் வாதம் அவருக்கில்லை.

இனி, ஏன் கடைசியாக வாங்க வேண்டும் என்பது. மென்பொருளுக்கு வருவது ஓர் எண்தான் என்று மேலே சொன்னேன். எடையில்லாத, வில் வைத்த பிளாஸ்டிக் கட்டைகள் கொண்ட சாதாரண கீபோர்டில் அந்த எண் விரலுக்குக் கட்டுப்படாது. 40 கொடுக்க நினைத்தால் 70 போகும். அப்படிப்பட்ட கீபோர்டின்மேல் எத்தனை நல்ல மென்பொருளை ஏற்றினாலும், தடுமாறும் எண்களைத்தான் அது அழகாக ஒலிக்கும். ஆகவே முதல் செலவு எடையுள்ள கட்டைக்கு. இரண்டாவது செலவு பெடலுக்கு. இதை யாரும் சொல்வதில்லை. தொடக்கநிலைப் பியானோக்களுடன் வரும் தீப்பெட்டி போன்ற பெடல், மின்விசிறி ஸ்விட்சைப் போல இரண்டே நிலை அறிந்தது: உண்டு, இல்லை. பாதிப் பெடலைக் கணக்கிடத் தெரிந்த மென்பொருளிடம் பாதியே அனுப்பத் தெரியாத பெடலை இணைத்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். தொடர்நிலை காட்டும் நல்ல பெடலை மாட்டினால், அதுவும் உங்கள் பியானோ அதை ஏற்கும் வகையாக இருந்தால், மென்பொருளை மாற்றியதைவிடப் பெரிய மாற்றம் தெரியும். இணைக்கும் கம்பிக்கு அலைய வேண்டாம். பியானோவின் பின்னால் இருக்கும் சதுரத் துளை, பிரின்டரில் இருப்பதேதான். புத்வார் பேட்டையின் தாப்கீர் சந்துக்குப் போய்ப் பிரின்டர் கேபிள் என்று கேட்டால் சில நூறு ரூபாயில் தந்துவிடுவார்கள்.

மூன்றாவது, தாமதம். கட்டையை அழுத்தியதற்கும் ஓசை காதில் விழுவதற்கும் இடையே உள்ள இடைவெளி. கணினி ஓசையைச் சின்னச் சின்னக் கட்டுகளாக அனுப்புகிறது. நொடிக்கு 44,100 துளிகள் என்ற வேகத்தில், ஒரு கட்டுக்கு 128 துளி என்று வைத்தால் அந்தக் கட்டுக்கு ஆகும் நேரம் 3 மில்லிநொடிக்குள். 512 என்றால் 12. இதன்மேல் மற்றச் செயல்களின் நேரமும் சேரும். உண்மைக் கிராண்ட் பியானோவிலும் கம்பியிலிருந்து வாசிப்பவரின் காதுக்கு ஓசை ஒரு மீட்டர் நடந்து வர 3 மில்லிநொடி ஆகும் என்பதால், பத்துக்குள் இருந்தால் விரல் புகார் சொல்லாது. இருபது முப்பதுக்குப் போனால், ஏதோ ஈரமான மணலில் நடப்பது போலத் தோன்றும். ஏன் என்று புரியாமல் மென்பொருளைத் திட்டுவார்கள். விண்டோஸ் லேப்டாப்பில் ஏஎஸ்ஐஓ என்ற வகை டிரைவர் இல்லாமல் இது பெரும்பாலும் சரிவராது. காதில் புளூடூத் ஹெட்போன் இருந்தால் எதைச் செய்தும் பயனில்லை. அதன் தாமதமே பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல். கம்பி உள்ள ஹெட்போன் வேண்டும். ஹிஞ்ஜவடிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பல வீடுகளில் இருக்கும் ஒரே நல்ல லேப்டாப் அலுவலகம் கொடுத்தது. அதில் டிரைவரும் நிறுவ முடியாது, மென்பொருளும் நிறுவ முடியாது, முயன்றால் மறுநாள் கணினித் துறையிலிருந்து கடிதம் வரும். மென்பொருளின் விலையைப் பேசுமுன் அதை எதில் ஓட்டப் போகிறோம் என்று பேச வேண்டும். அந்த லேப்டாப்பைத் தனியாக வாங்க நேர்ந்தால் கணக்கே மாறிவிடும். அப்போது அந்தப் பணத்தை இன்னும் நல்ல டிஜிட்டல் பியானோவில் போடுவதே புத்தி.

ஆசிரியர்களின் மறுப்பு கனமானது. எதை வாங்கினாலும் திரையையும் கம்பியையும் கட்டிக்கொண்டு அழுவீர்கள், மரமும் கம்பளியும் இரும்புமான பியானோவில் உட்கார்ந்த அன்று விரல் திகைத்து நிற்கும் என்கிறார்கள். திகைக்கும்தான். எந்த மென்பொருளும் விரலுக்கு அடியில் சுத்தியல் துள்ளி மீள்வதைத் தராது. ஆனால் அதற்கு மருந்து, மென்பொருளைத் தவிர்ப்பதல்ல. உண்மைப் பியானோவை அவ்வப்போது தேடிப் போவது. புனே கேம்ப் பகுதியில் பார்ஸி, கோவா, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் தொடர்பால் மேற்கத்திய இசை வேர்விட்டிருக்கிறது. தஸ்தூர் பள்ளியின் மஸ்தா ஹாலில் பூனா மியூசிக் சொசைட்டி கச்சேரிகள் நடத்துகிறது. அங்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு கிராண்ட் பியானோ எப்படி அடங்குகிறது என்று கேட்டு வந்தவர், வீட்டில் எந்த மென்பொருளை எப்படித் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தானே அறிவார். சென்னையில் இருப்பவர்களை, 1842 முதல் இருந்துவரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில், கேட்டால் தொட்டுப் பார்க்க விடுவார்கள். வாரத்தில் ஒருநாள் ஆசிரியர் வீட்டு மரப் பியானோ, மற்ற நாளெல்லாம் ஹெட்போன் என்ற ஏற்பாட்டில் எந்த இழிவும் இல்லை. மிரஜ் தம்புராவையும் பெட்டித் தம்புராவையும் ஒரே வீட்டில் வைத்திருக்கும் ஊர் இது.

திருட்டுப் பதிப்பைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் நேர்மையாகாது. பெரிய பதிப்பே சும்மா கிடைக்கும்போது சிறியதைக் காசுக்கு வாங்குவானேன் என்று சிரிப்பவர்களைப் புனேயில் நிறையவே கண்டிருக்கிறேன். மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கும் வீட்டிலிருந்து அந்தக் கேள்வி வருவதுதான் வேடிக்கை. நியாயத்தை விட்டுவிட்டாலும், பூட்டை உடைத்த பதிப்புகளோடு கூடவே வரும் வைரஸ், வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதே லேப்டாப்பில் குடியேறும் என்பதையாவது யோசிக்கலாம்.

ஸ்டேஜ் பதிப்பின் விலை நூறு யூரோவுக்கு மேல். ரூபாயில் பத்தாயிரத்தைத் தாண்டும். வெளிநாட்டுச் செலவு என்று வங்கி தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை கொடுத்தால் போதும், மாதச் சந்தா இல்லை. பிறகு தேவைப்பட்டால் மேல் பதிப்புக்கு வித்தியாசம் கட்டி ஏறிக்கொள்ளலாம் என்பதால், சிறியதை வாங்கிப் பெரியதற்கு ஏங்கும் நிலை வந்தாலும் கொடுத்த காசு வீண்போகாது. வாங்குமுன் சோதனைப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்; அது இலவசம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிடும், சில கட்டைகள் பேசாது, அது போகட்டும். காணொளி எதையும் பார்க்காமல், உங்கள் பியானோவில், உங்கள் கம்பி ஹெட்போனில், உங்களுக்கு நன்றாக வரும் மெதுவான பாட்டு ஒன்றை ஒரு வாரம் வாசியுங்கள். நடுவே உள்ளோசைக்கும் சலமாண்டருக்கும் மாறி மாறிப் போய் வாருங்கள். விரலுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் எதையும் வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல பெடல் வாங்குங்கள். தெரிந்தால் ஸ்டேஜ் பதிப்பை வாங்குங்கள். அதற்கு மேல் எதுவும் உங்களுக்கு வேண்டாம்.